வயிற்றுத் தண்ணீர் அலுங்காத குதிரை

மகனுக்கு,

குதிரை சுகம். நான்கு காலும் சுகம், குளம்பு நான்கும் சுகம், பிடரியில் இருந்த சிரங்கும் ஆறிவிட்டது. கடிதம் என்றால் முதலில் பெரியவர்கள் சுகம், அப்புறம் பிள்ளைகுட்டிகள் சுகம், கடைசியில் இடம் மிஞ்சினால் ஆடுமாடுகள் சுகம் என்று எழுதுவதுதான் முறை. அது எனக்கும் தெரியும். ஆனால் இது குதிரையைப் பற்றிய கடிதம். அதோடு என் சுகத்தை நீ விசாரித்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதனால் முறையை மாற்றிவிட்டேன். படிக்கும்போது கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து மறுபடி படி. கிழித்து மட்டும் போடாதே. இத்தனை வரி எழுதுவது எனக்கு ஒரு வயலை உழுது முடிப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

உன் ஆத்தா பேருக்கு நீ போட்ட தபால் கார்டு மாசி பிறந்ததும் வந்தது. "வெள்ளையம்மாளுக்கு ஏழாம் மாதம். பிரசவத்தை இந்தத் தோட்டத்திலேயே பார்த்துக்கொள்கிறோம். யாரும் வர வேண்டாம்." அவ்வளவுதான். கார்டில் முக்கால் இடம் காலியாகக் கிடந்தது. மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை பார்க்கிறவனுக்கு மைக்குப் பஞ்சமா என்று நினைத்துக்கொண்டேன். உன் ஆத்தாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் நான்தான் சத்தமாகப் படித்தேன். கடைசியில் 'அய்யா சுகமா' என்று ஒன்றை நானாகச் சேர்த்துப் படித்தேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். இரண்டாம் தடவை அதைச் சேர்க்க மறந்து தொலைத்துவிட்டேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை. அப்படியே சாப்பிட்டு எழுந்தேன்.

வெள்ளையம்மாள் உனக்குப் பெண்சாதி ஆவதற்கு முன்பே எனக்கு அக்காள் மகள். தாயை முழுங்கிய பிள்ளை என்று ஊர் சொன்னபோது தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தவள் உன் ஆத்தா. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்றால் அவளுக்கு அதுவும் நம் வீடுதான். மலையில் பனியும் அட்டையும் காய்ச்சலும் இருக்கின்றன, மருத்துவச்சி இல்லை. இதெல்லாம் உனக்கும் தெரியும். தெரிந்தும் நீ அவளை அங்கேயே வைத்துக்கொள்ள நினைப்பதற்கு ஒரே காரணம் நான்தான். அந்தக் காரணத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் எனக்கு நேராகச் சொல்லிப் பழக்கமில்லை. மதுரை வழியாகச் சுற்றித்தான் வருவேன். பொறுத்துக்கொள்.

மதுரைச் சித்திரைச் சந்தையில் இந்தக் குதிரையை வாங்கியபோது நீ என்னோடு வரவில்லை. வந்திருந்தால் தடுத்திருப்பாய். உழவு மாடு ஒரு ஜோடி வாங்கப் போனவன், வடக்கத்தி வியாபாரி ஒருவன் கையில் பிடித்திருந்த பெட்டைக் குதிரையின் காதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன். இரண்டு காதும் உள்பக்கம் வளைந்து, நுனியும் நுனியும் தொட்டுக்கொண்டிருந்தன. அப்படி ஒரு காதை நம் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது. அவன் ஒரு கிண்ணம் நிறையப் பாலை ஊற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குதிரையில் ஏறினான். சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பிறகு கிண்ணத்தை என்னிடம் நீட்டி, குதிரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பயல் கழைக்கூத்தாடி வித்தை கற்றவன், கை என்ன உறுதி, என்று அவனைத் தட்டிக்கொடுத்தேன். பாலையும் குடித்துவிட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

உன் கல்யாண ஊர்வலத்தில் உன்னை அதன் மேல் ஏற்றினேன். வாங்கிய அன்றிலிருந்தே எனக்கு அந்த நினைப்புத்தான். உறுமிச் சத்தத்துக்குக் குதிரை முன்னங்காலைத் தூக்கி ஆடும், சனம் விலகி ஓடும், நம் ஊர் மார்க்கையன்கோட்டை முழுக்கப் பத்து வருஷத்துக்குப் பேசும் என்று கனவு கண்டிருந்தேன். அதுவோ உறுமியைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பரிசலில் போகிறவனைப் போல நீ ஆடாமல் அசையாமல் போனாய். மாப்பிள்ளை உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான் என்று பெண்கள் சிரித்தார்கள். நீ நிஜமாகவே தூங்கியிருந்தாய் என்பதை உன் ஆத்தா போன மாதம்தான் சொன்னாள். அது போகட்டும். கூட்டத்தில் இருந்த உன் ஓடைப்பட்டித் தாய்மாமன் குனிந்து குனிந்து குதிரையின் காலையே பார்த்துக்கொண்டு வந்தான். எனக்கு வாய்த்த மைத்துனனைப் பற்றி உனக்குத் தெரியும். விருந்தில் இலை போட்டதும் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான்.

"என்ன மச்சான், குதிர ஒரு பக்கத்துக் கால் ரெண்டையும் ஒண்ணாத் தூக்கி வைக்குது? முடமா?"

அவ்வளவுதான், எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். மற்றக் குதிரைகளும் மாடுகளும் இடது முன்னங்காலோடு வலது பின்னங்காலை எடுத்து வைக்கும்போது, இது இடப்பக்கம் இரண்டையும் சேர்த்து, பிறகு வலப்பக்கம் இரண்டையும் சேர்த்து வைத்தது. முட்டாளுக்கு ஒரு விஷயம் புதிதாக இருந்தால் அது நோயாகத்தான் தெரியும். உன் ஆத்தா அதற்குச் சீதேவி என்று பேர் வைத்திருந்தாள். நான் அன்றிலிருந்து மூதேவி என்று கூப்பிட்டேன். மாட்டு வைத்தியனைக் கூட்டிவந்து இரண்டு தொடையிலும் சூடு போட்டேன். கேட்கவில்லை. பிறகு கயிற்றால் குறுக்குக் கால்களைச் சேர்த்துக் கட்டி, மற்றக் குதிரை மாதிரி நடக்கும்வரை தினமும் வரப்பில் இழுத்துக்கொண்டு திரிந்தேன். சனிக்கிழமை தவறாமல் குச்சனூருக்கு ஓட்டிக்கொண்டு போய் எள்விளக்குப் போட்டேன். சனீஸ்வரர் தாமே கால் ஊனமான சாமி, கால் வருத்தம் அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்பது என் கணக்கு. நொண்டியே இல்லாத குதிரையைக் கூட்டிவந்து நொண்டியை நீக்கு என்று கேட்ட பக்தனை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார்.

வேறு குதிரையாக இருந்தால் என் பல்லைக் கழற்றியிருக்கும். இது ஒரு தடவைகூட உதைக்கவில்லை, ஒரு தடவைகூடக் கடிக்கவில்லை. சூடு போட்ட அன்று மட்டும் என் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. இந்த ஆளுக்கு ஏதோ வேண்டியிருக்கிறது, கொடுத்துவிடுவோம் என்று நினைத்ததோ என்னவோ, மூன்று மாதத்தில் நான் கேட்ட நடைக்கு மாறிவிட்டது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகர்ந்தால் அரைக்கிறது யார் என்று அந்தப் பழமொழி சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்தால் ஈரல்குலை எல்லாம் இடம் மாறியது. ஆனாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடைப்பட்டிக்கே ஓட்டிக்கொண்டு போய் உன் மாமனுக்குக் காட்டிவிட்டு வந்தேன். திரும்பி வந்து இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இனி வருவதைச் சுற்றி வளைத்து எழுத முடியாது. முந்தின வருஷம் ஆடிச் சனிக்கிழமை. குதிரைக்குக் கால் நேரானால் குடும்பத்தோடு வண்டி கட்டி வருகிறேன் என்று குச்சனூரில் நேர்ந்திருந்தேன். வெள்ளையம்மாளுக்கு அப்போது மூன்றாம் மாதம். நீ ஏதோ வேலையாகக் கம்பத்துக்குப் போயிருந்தாய். குதிரையை வண்டியில் பூட்டி வாசலில் நிறுத்தினேன். அவள் வந்து குதிரையைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "வண்டி வேணாம் மாமா, நான் நடந்தே வாரேன்" என்றாள். நான் சிரித்தேன். என் குதிரை வண்டி வாசலில் நிற்கும்போது என் மருமகள் நடந்து வந்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று சொல்லி ஏற்றிவிட்டேன். வாய்க்கால் கரை மேட்டிலும் பள்ளத்திலும் விரட்டினேன். சனம் பார்க்க வேண்டும் என்பதற்காக மேட்டில் இன்னும் கொஞ்சம் விரட்டினேன். மூன்றாம் நாள் நீங்கள் அந்தப் பிள்ளையை இழந்தீர்கள்.

மருத்துவச்சி, அது வண்டியால் இல்லை, தங்காத பிள்ளை எப்படியும் தங்காது என்றுதான் சொன்னாள். உன் ஆத்தாவும் அதையே சொன்னாள். இருக்கலாம். ஆனால் நடந்தே வருகிறேன் என்று சொன்னவளை நான் ஏற்றினேன். அதற்கு மருத்துவச்சியால் பதில் சொல்ல முடியாது. கம்பத்திலிருந்து நீ வந்தாய். வெள்ளையம்மாளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போக மூட்டையைக் கட்டினாய். வாசல் தாண்டும்போதுதான் திரும்பினாய்.

"ஒங்க வீறாப்புக்கு எம்புள்ளதான் கெடச்சுச்சாய்யா?"

அன்று உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. வாய் வரவில்லை. அப்பன் மகனிடம் அதைச் சொல்வது நம் வீட்டில் வழக்கமில்லை என்று நினைத்தேன். இப்போது எழுதுகிறேன்: தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள் என்று வெள்ளையம்மாளிடமும் சொல். இதை எழுதியபிறகு எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

போன ஐப்பசியில் உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர் வைக்கோல் வாங்க நம் களத்துக்கு வந்தார். எழுபது வயது இருக்கும். பாளையக்காரர்கள் காலத்திலிருந்து குதிரை வாங்கி விற்ற குடும்பம். இப்போது பேரன்கள் புகையிலை வியாபாரம் பண்ணுகிறார்களாம். நம் குதிரையைக் கண்டதும் வைக்கோலை மறந்துவிட்டார். காதைத் தடவிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஓட்டிக் காட்டச் சொன்னார். நான் ஓட்டிக் காட்டினேன். இவ்வளவு நல்ல குதிரை ஏன் இப்படிக் குதித்துக் குதித்து ஓடுகிறது என்று கேட்டார். முடமாக இருந்ததையும் நான் குணப்படுத்தியதையும் கயிறு, சூடு, எள்விளக்கு உட்பட ஒன்று விடாமல் பெருமையாகச் சொன்னேன். அவர் வைக்கோல்போரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க மொடத்தக் கொணப்படுத்தல, சம்சாரி. ராசாமாரு தேடித் தேடி வாங்குன நடைய, கஷ்டப்பட்டு அழிச்சிருக்கீக."

பிறகு அவர் சொன்னதெல்லாம் நான் கனவிலும் கேளாதது. அது வடக்கே காத்தியவாடு என்கிற சீமையின் குதிரையாம். தண்ணீருக்கு நாள்கணக்கில் போக வேண்டிய பொட்டல்காட்டில் பிறந்த சாதி. பகல் முழுக்க மேலேயே உட்கார்ந்திருக்கிறவன் இடுப்பு ஒடியக் கூடாது என்று, ஒரு பக்கக் காலைச் சேர்த்து வைக்கிற அந்த நடை பிறக்கும்போதே கூட வருமாம். அதற்கு ரவால் நடை என்று பேர். நடையைச் சோதிக்க நிறைந்த கிண்ணத்தைக் கையில் கொடுப்பார்களாம்; சிந்தினால் அந்தக் குதிரை விலை போகாது. வீட்டு முற்றத்தில் அவிழ்த்துவிட்டால் பச்சைப்பிள்ளைகள் அதன் காலுக்கு நடுவில் தவழும், மிதிக்காது. அந்தச் சீமையில் குதிரைக்கு வம்சம் சொல்வது தாய்வழியிலாம். எந்த ஆண்குதிரைக்குப் பிறந்தது என்று கேட்பதில்லை, எந்த ஆத்தா வயிற்றில் பிறந்தது என்றுதான் கேட்பார்களாம். இதைக் கேட்டதும் உன் ஆத்தா வைக்கோல்போருக்குப் பின்னாலிருந்து, விவரமான ஊர்தான் என்றாள்.

என் முகம் போன போக்கைப் பார்த்து ராவுத்தருக்கே பாவமாகிவிட்டது. அந்த நடை திரும்பாதா என்று கேட்டேன். ஏனென்றால் வெள்ளையம்மாளுக்கு மாதம் தள்ளிப்போயிருக்கிறது என்று ஏலக்காய் சுமந்து வருகிறவர்கள் சொல்லி, அதற்குள் எங்களுக்குத் தெரியும். நீ சொல்லாவிட்டால் மலை ரகசியம் கீழே வராது என்று நினைத்தாயா? ராவுத்தர் குதிரையின் முதுகைத் தட்டிக்கொண்டு சொன்னார்.

"அது மறக்கல. மேல ஒக்காந்திருக்கிற ஆளு அலட்டாம இருந்தா அதுவா நடக்கும். ஒரு செம்புத் தண்ணிய நெறையக் கையில வச்சுக்கிட்டு ஏறுங்க. தண்ணி சிந்துற வரைக்கும் குத்தம் குதிர மேல இல்லன்னு நெனச்சுக்கோங்க."

மறுநாள் தொடங்கினேன். தினமும் குச்சனூர் வரை போக, வர. கையில் நிறைசெம்பு. முதல் நாள் ஊர் எல்லை தாண்டுமுன் செம்பு காலி, என் வேட்டி முன்பக்கம் முழுக்க ஈரம். இரண்டாம் நாளும் அப்படியே. பத்தாம் நாளும் அப்படியே. ஈர வேட்டியோடு தினமும் ஊருக்குள் திரும்பி வருகிற கிழவனைப் பார்த்து ஊர் என்ன நினைக்கும்? குளக்கரையில் பேசிக்கொண்டார்கள். சேதி ஓடைப்பட்டிக்குப் போயிற்று. உன் தாய்மாமன், இந்த வயதில் இது எல்லோருக்கும் வருகிறதுதான் மச்சான் வெட்கப்பட வேண்டாம் என்று சொல்லி, ஒரு பானை ஆவாரம்பூக் கஷாயம் கொடுத்தனுப்பினான். உண்மையைச் சொன்னால், முடம் என்று அவன் சொன்னதை நம்பி நான் செய்த கூத்தெல்லாம் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் கஷாயத்தையே குடித்துவிட்டேன். பானை முழுக்க.

மார்கழியில் ஒரு நாள். அதுவரை நான் செய்ததெல்லாம் கடிவாளத்தை இழுப்பதும், குதிகாலால் இடிப்பதும், 'மெதுவா போடி' என்று கத்துவதும்தான். மெதுவாகப் போகச் சொல்லி அவ்வளவு சத்தமாகக் கத்தியவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அன்றைக்குக் கத்தத் தெம்பில்லை. மலையைப் பார்த்தேன், மேகம் இறங்கியிருந்தது. அங்கே அவளுக்குக் குளிருமே, கம்பளி இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டே போனேன். கடிவாளம் கையிலிருந்து நழுவியதுகூடத் தெரியவில்லை. குச்சனூர்க் கோயில் வந்துதான் நினைவு வந்தது. குனிந்து பார்த்தால் செம்பில் தண்ணீர் விளிம்போடு நிற்கிறது. வயிற்றுத் தண்ணீர் அலுங்காமல் கொண்டுவந்து சேர்ப்பது என்று சும்மா சொல்வோமே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். குதிரை மேலேயே உட்கார்ந்து அழுதேன். கோயிலுக்கு வந்தவர்கள், சனி பிடித்தது போல என்று ஒதுங்கிப் போனார்கள்.

உன் கார்டு வந்ததும் மருத்துவச்சியைக் கூப்பிட்டு, வெள்ளையம்மாளைக் குதிரையில் அழைத்துவரலாமா என்று கேட்டேன். ஒரு தடவை பட்டது போதாதா என்று என்னைப் பேசாத பேச்சில்லை. நீயே ஏறிப் பார் என்றேன். அவள் இரண்டு நெல்மூட்டைக் கனம் என்பது உனக்குத் தெரியும். நான்கு பேர் சேர்ந்து ஏற்றினோம். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். வாய்க்கால் கரையில் அதே மேடு பள்ளம். வாயடைத்துப் போய் வருகிறாளே என்று திரும்பிப் பார்த்தால், வெற்றிலை வாயோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். இறக்கியதும் சொன்னாள்.

"புள்ளத்தாச்சியத் தாராளமா ஏத்துங்க. மாட்டு வண்டிக்கும் டோலிக்கும் இது எவ்வளவோ தேவல. ஆனா நீங்க ஓட்டக் கூடாது."

ஆகவே நீதான் பிடித்துவர வேண்டும். பிடித்துவர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், ஓட்டிவர வேண்டும் என்று எழுதவில்லை. நீ ஏறாதே, முன்னால் நட. கயிறு தொய்வாக இருக்கட்டும். இறக்கத்தில் அது எவ்வளவு மெதுவாக இறங்கினாலும் அவசரப்படுத்தாதே. சேணத்தின் மேல் போட உன் ஆத்தா இலவம்பஞ்சில் மெத்தை தைத்திருக்கிறாள். முதல் நாள் கூடலூர், மறுநாள் கம்பம், அதற்கடுத்த நாள் உத்தமபாளையத்தில் ராவுத்தர் வீடு. அவர் வீட்டம்மா கோழி அடித்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். நாலாம் நாள் நம் வீடு. புத்தி சொல்வது அப்பன் வேலை என்பதால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். கூடவே வாழ வந்தவளை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று வேகமாக ஓட்டாதே. அலுங்காமல் கொண்டுபோகிறவனைப் பார்த்து ஊர் கைதட்டாது. எனக்கு இது தெரிய அறுபது வருஷமும் ஒரு குதிரையும் வேண்டியிருந்தன.

இன்னொன்று. இதையெல்லாம் வெள்ளையம்மாளுக்குப் படித்துக் காட்டி, அவளைக் கேள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். டோலி என்றால் டோலிக்கு ஆள் பேசுகிறேன். நடந்துதான் வருவேன் என்றாலும் சரி, பத்து நாள் ஆனாலும் கூட நடந்து வருகிறேன். மலையைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றால் மருத்துவச்சியை மேலே அனுப்புகிறேன். அந்தக் கனத்தை இந்தக் குதிரை ஏற்றத்தில் எப்படிச் சுமக்கும் என்பதுதான் யோசனை. போன தடவை அவள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. இந்தத் தடவை அவள் சொல்வதுதான்.

கடிதம் கொண்டுவருகிற சுமைகாரரை நீ விசாரித்தால் எப்படியும் சொல்லிவிடுவார், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இதை நான் மார்க்கையன்கோட்டையில் உட்கார்ந்து எழுதவில்லை. குமுளிச் சாவடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். குதிரை பக்கத்தில் நிற்கிறது. உன் தோட்டம் இங்கிருந்து இரண்டு கல் என்கிறார்கள். இவ்வளவு தூரம் ஏறி வந்தவனுக்கு அந்த இரண்டு கல் நடக்கத் தைரியம் வரவில்லை. என் முகத்தைப் பார்க்க உனக்கு இஷ்டமில்லை என்றால் குதிரையை மட்டும் வாங்கிக்கொண்டு போ. உன் கண்ணில் படாமல் நூறடி பின்னால் வருகிறேன். பதில் எழுத வேண்டாம். வரமாட்டேன் என்று எழுதினாலும் நான் இங்கிருந்து போகப் போவதில்லை. குதிரைக்குப் பத்து நாளைக்குக் கொள்ளுக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்குச் சோறு கட்டிக்கொள்ள மறந்துவிட்டேன்.

உன் அய்யா